நெருப்பில்லாத லாரி

மூட்டையைக் குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி துரையின் இடது தோளில் இறங்கியது. சட்டை கிழிகிற சத்தம் முதலில் வந்தது. அலறல் அதற்கப்புறம் வந்தது.

தண்டையார்பேட்டைக் கிடங்குத் தெருவில் அன்று முற்பகல் வேலை எதுவும் நடக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் முப்பது பேர் ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். லாரி டிரைவர் துரையைக் கம்பத்தோடு சேர்த்துத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இருபத்தைந்து வயதுப் பையன். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டுவிட்டது. கீழுதடு பிளந்து, ரத்தம் மோவாயில் உறைந்திருந்தது.

ரிக்‌ஷாவிலிருந்து குதித்த இன்னாசி, தேவகிருபையின் உதவியாளன், வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றான். தமிழில் மொழிபெயர்ப்பாகி வருகிற பிரெஞ்சுக் கதைகளிலும் ரஷ்யக் கதைகளிலும் இதைப் போன்ற கூட்டங்களை அவன் ஏராளமாகப் பார்த்திருக்கிறான். பயமாக இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவான். இந்தக் கூட்டத்தைப் புரட்ட முடியாது. வியர்வை நாறிக்கொண்டு எதிரே நின்றது.

“அக்கா, நாம அப்பால வரலாமா? இவங்க கொஞ்சம் வேலையா கீறாங்க” என்றான்.

தேவகிருபை குடையோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள். மூட்டைக்காரர்களின் மேஸ்திரி மஜீது கொக்கியை இரண்டாம் முறை ஓங்கினான். அது இறங்கவில்லை. அவளுடைய குடைக் காம்பு அவன் முழங்கை எலும்பில் விழுந்தது. கொக்கி தெறித்துப் போய் ரோட்டில் விழுந்தது.

மஜீது கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். எதிரே வெள்ளைப் புடவை கட்டிய உயரமான பெண் ஒருத்தி, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரத்தோடு நின்றாள்.

“யாரும்மா நீ? பொம்பளயாச்சேன்னு பாக்கறேன்!”

“நல்லாப் பாருங்க. என் பேரு தேவகிருபை. இந்த லாரிக்கு இன்ஷூரன்ஸ் எழுதின கம்பெனி என்னை விசாரிக்க அனுப்பியிருக்கு. இவனை நீங்க கொன்னுட்டா நான் யாரை விசாரிக்க?”

“விசாரிக்க இன்னா கீது? எங்க பக்தவச்சலத்தை லாரிய வுட்டு செவுத்தோட நசுக்கினு ஓடிப் பூட்டான். காத்திவாக்கத்துல கட்டுமரத்துக்கு அடியில பூந்துகினு இருந்தான். இட்டாந்துட்டோம்.”

“நான் நசுக்கல நைனா!” துரையின் வாயிலிருந்து ரத்தமும் சொல்லும் சேர்ந்து வந்தன. “நேத்து காலைல நான் வந்து பாக்கசொல்லோ மாமா செத்துக் கெடந்தாரு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. பயந்துகினு ஓடிட்டேன்.”

கம்பத்தடியில் ஒருத்தி உட்கார்ந்து துரையின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரோ பிடித்துத் தள்ளியதில் அவள் நெற்றி உடைந்திருந்தது. அவள் பச்சையம்மா. செத்துப்போன பக்தவச்சலத்தின் மனைவி. துரைக்குக் கூடப் பிறந்த அக்கா.

“புருசனைத் தூக்கிக் கொடுத்துட்டேன்” என்றாள் அவள். “இவனையும் கொன்னுட்டு நீங்கல்லாம் எந்த வூட்ல போயி சோறு துன்னுவீங்க?”

கூட்டம் ஒரு கணம் தரையைப் பார்த்தது. அந்த ஒரு கணம் தேவகிருபைக்குப் போதுமாக இருந்தது.

“மேஸ்திரி, மத்தியானம் பன்னெண்டுக்கு ஆலைச் சங்கு ஊதுமில்லா? அதுவரைக்கும் இவன் மேல யாரும் கை வைக்கக் கூடாது. சங்கு ஊதும்போது கொன்னது யாருன்னு நான் சொல்லுதேன்.”

“சொல்லலன்னா?”

இன்னாசி முந்திக்கொண்டான். “சொல்லலன்னா இந்தக் கம்பத்துல அந்தாண்டப் பக்கம் எடம் கீது நைனா. என்னைக் கட்டிக்கோ.”

மஜீது அவனை ஏற இறங்கப் பார்த்தான். “நீ இளைச்சவன். ரெண்டு அடிக்குத் தாங்க மாட்டே” என்றான். ஆனாலும் கொக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். “சங்கு ஊதற வரைக்கும்.”

அப்போது மணி பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

* * *

போன ஜூலை மாதத்திலிருந்து புதுச் சட்டம். இன்ஷூரன்ஸ் இல்லாத லாரி ரோட்டில் ஓடக்கூடாது. லாரியை உபயோகிப்பதால் ஒருவன் செத்தால் கம்பெனி அவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இந்த லாரிக்கு எழுதிய பத்திரத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களும் சேர்த்தி. எல்லாம் சரி. ஆனால் உபயோகம் என்றால் என்ன? ஓடும்போது மட்டுமா? நிற்கும்போதும் உண்டா? மூட்டை ஏற்றும்போது? அரண்மனைக்காரத் தெருவில் உட்கார்ந்திருந்த கம்பெனி மானேஜருக்கே அது விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது ஒன்றுதான். “கிடங்கில் நடந்த விபத்து, லாரிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள், மிஸ் தேவகிருபை. கம்பெனி உங்களை மறக்காது.”

தேவகிருபை யுத்த காலத்தில் பெண்கள் படையில் சேர்ந்து ஆவடியில் ராணுவ லாரி ஓட்டியவள். மறதி அவளுக்கும் கிடையாது.

கிடங்கு முதலாளி தங்கப்பாண்டி கேட்டருகிலேயே கைகூப்பி வரவேற்றார். நெற்றியில் திருநீறு, தோளில் சலவைத் துண்டு. தெற்கிலிருந்து மிளகாய் வத்தல் வரவழைத்துச் சென்னைப் பட்டணம் முழுவதையும் தும்ம வைக்கிற மொத்த வியாபாரி.

“வாங்க தாயி. பேச்சைக் கேட்டா நம்ம பக்கம் மாதிரில்லா இருக்கு. எந்த ஊரு?”

“சாயர்புரம், அண்ணாச்சி.”

“அடடே! அப்போ நமக்குள்ள என்ன இருக்கு?”

“நமக்குள்ள ஒரு பிணம் இருக்கு, அண்ணாச்சி. லாரியைக் காட்டுங்க.”

கிடங்கின் முற்றம் சிமெண்ட் போட்டது. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகப் பின்சுவரை நோக்கிச் சரிவாகக் கட்டியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு நாலு முழம் தள்ளி லாரி நின்றது. பிணத்தை எடுப்பதற்காக நேற்று அந்த அளவு முன்னால் கயிறு கட்டி இழுத்திருந்தார்கள். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சுவரில் மார்பு உயரத்தில் ஒரு கறை. மேலே கறுத்தும் கீழே சிவந்தும், நாலைந்து கோடாக வழிந்து காய்ந்திருந்தது. ஈக்கள் அதை விட்டு நகரவில்லை. இன்னாசி வேறு பக்கம் பார்த்தான். எங்கே பார்த்தாலும் சிவப்பாகத்தான் இருந்தது. லாரியின் மேலும் தரையின் மேலும் மிளகாய்த் தூசு படிந்து கிடந்தது.

அது கரி லாரி. யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது ஊரிலுள்ள லாரிகளில் பாதிக்கு முதுகில் அடுப்பு முளைத்தது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஆள் உயர இரும்புப் பீப்பாய், அதில் அடுப்புக்கரி. கரி கனன்று வருகிற வாயுவில் என்ஜின் ஓடும். யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷமாகியும் ரேஷன் முடியவில்லை, அடுப்பும் இறங்கவில்லை.

“நேரில் பாத்தவர் யாரு?” என்றாள் தேவகிருபை.

கணக்கப்பிள்ளை ராசையா முன்னால் வந்தான். பேனா பிடிக்கிறவன் என்று அவன் தோளைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். கதவளவு அகலம்.

“நான்தான் பாத்தேன். நேத்து காலைல ஆறரைக்கு நான் கேட்டைத் திறந்தேன். துரை என்கூடத்தான் உள்ள வந்தான். ஏறினான், ஸ்டார்ட் பண்ணினான், திரும்பிக்கூடப் பாக்காம பின்னால விட்டான். பக்தவச்சலம் சுவரோரமா நின்னான். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு.”

“அஞ்சு நிமிஷமா?”

“அஞ்சு கூட இருக்காது.”

“இன்னாசி, அடுப்போட சாம்பல் கதவைத் திற.”

இன்னாசி குனிந்து, பீப்பாயின் அடியிலிருந்த சின்ன இரும்புக் கதவைத் திறந்து கையை விட்டான். சாம்பல் சில்லென்றிருந்தது. அதற்குள் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுத்து ஊதினான்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு! ஒன்று, இரண்டு, ஐந்து கிழங்குகள். தோல் சுருங்கி, உள்ளே மெத்தென்று வெந்திருந்தன.

“அக்கா, அடுப்புல சமையலே நடந்துகீது! மொளகா கெடங்குன்னு சொன்னாங்க, ஓட்டல்னு சொல்லவே இல்லியே.”

தேவகிருபை கேட்டுக்கு வெளியே நின்ற பச்சையம்மாவைக் கூப்பிட்டுக் கிழங்கைக் காட்டினாள். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் வாய் கோணியது.

“அவருதாம்மா வெச்சிருப்பாரு. சாயங்காலம் லாரி வந்து நின்னதும் சுடு சாம்பல்ல பொதைச்சுடுவாரு. காலைல வேலைக்கு வந்ததும் எடுத்து ஆளுக்கு ஒண்ணா புள்ளைங்களுக்குக் குடுத்தனுப்புவாரு. பொங்கல்லேர்ந்து தெனமும் இதே வேலைதான்.”

“ராத்திரி அவர் வீட்டுக்கு வரலியே, நீ தேடலியா?”

“ஹார்பர்ல ராத்திரி வேலை கெடச்சா அப்டியே பூடுவாரு. அதான் சும்மா இருந்துட்டேன்.”

தேவகிருபை கிழங்கை ராசையாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். “நேத்து காலைல துரை அடுப்பைப் பத்த வச்சிருந்தா இது கரிக்கட்டையால்லா இருக்கணும்? தோல்கூடக் கருகல.”

ராசையா நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “கிழங்கு வேகுறதுக்கும் கருகுறதுக்கும் நான் என்ன கண்டேன்? அஞ்சு நிமிஷத்துல என்ன கருகிடும்?”

“அதுவும் சரிதான். அஞ்சு நிமிஷத்துல கிளம்புதான்னு பாத்துருவோம். இன்னாசி, பத்த வை.”

* * *

எண்ணெய்த் துணியைக் கொளுத்தி உள்ளே செருகினார்கள். கரிக்குக் காற்று கொடுக்க ஒரு விசிறிச் சக்கரம். அதைக் கையால் சுற்ற வேண்டும். இன்னாசி சுற்றினான். பீப்பாயின் பக்கத்திலிருந்த புகைக்குழாய் கிடங்கின் வாசலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருமியது.

“அஞ்சு நிமிஷம்” என்றாள் தேவகிருபை.

வெறும் வெள்ளைப் புகை. இன்னாசி கை மாற்றினான். “அக்கா, நாவல்லல்லாம் துப்பறியறவன் சாஞ்சு குந்திகினு சுருட்டு புடிப்பான், புகை தானா வரும். நமக்கு மட்டும் ஏன் இப்டி?”

“பேசாம சுத்துலே.”

பத்து நிமிஷம். இன்னாசியின் சட்டை முதுகோடு ஒட்டியது. பதினைந்து நிமிஷம். தங்கப்பாண்டி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பதினெட்டாம் நிமிஷத்தில் குழாய் வாயில் தீக்குச்சி காட்டியபோது நீலச்சுடர் பிடித்தது.

“இப்போதான் என்ஜினுக்கு வாயு போகும்” என்றாள் தேவகிருபை. “பதினெட்டு நிமிஷம். ராசையா, தினமும் நீங்க கேட்டைத் திறந்து விட்டுட்டு, கணக்கு எழுதி முடிச்சு வந்து பாக்கும்போது லாரி தயாரா நிக்கும், இல்லியா? அதுக்குள்ள ஒருத்தன் தோள் கழண்டு விழச் சுத்தியிருக்கான்னு உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. பெட்ரோல் லாரி மாதிரி ஏறினான், கிளப்பினான்னு சொல்லிட்டீங்க.”

ராசையா முதலாளியைப் பார்த்தான். தங்கப்பாண்டி சிரித்தார்.

“தாயி, லாரி ஓட்டினவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா? ஒரு கை பெட்ரோலை என்ஜின்ல ஊத்தினா அடுப்பே இல்லாம கிளம்பும். நாலு முழம் பின்னால வர அது போதாதா?”

இன்னாசியின் கை விசிறியில் அப்படியே நின்றது. அது உண்மை என்று அவனுக்கும் தெரியும். தெருவில் கம்பத்தோடு கட்டியிருந்த துரையின் முனகல் கேட்டில் நுழைந்து வந்தது. மணி பதினொன்றே முக்கால்.

“போதும் அண்ணாச்சி. ஆவடியில நானே அப்படிக் கிளப்பியிருக்கேன்” என்றாள் தேவகிருபை. “ஆனா, இந்தக் காம்பவுண்டுல ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாதுன்னு ரேஷன் ஆபீசுல நீங்க எழுதிக் கொடுத்த நகல் எங்க கம்பெனி பைல்ல இருக்கே. துரைக்கு ஒரு கை பெட்ரோல் எங்கேயிருந்து வந்திருக்கும்?”

தங்கப்பாண்டி வாயைத் திறப்பதற்குள் ராசையா அவசரப்பட்டான். “அவன் டிரம்முல இருந்து எடுத்திருப்பான்!”

தேவகிருபை அவன் பக்கம் திரும்பினாள்.

“எந்த டிரம்?”

ராசையா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“சரி, நீங்க சொல்ல வேண்டாம்” என்றாள் தேவகிருபை மெதுவாக. “இன்னாசி, இன்னும் வேகமாச் சுத்து.”

இன்னாசி உயிரைக் கொடுத்துச் சுற்றினான். புகைக்குழாயிலிருந்து பொறிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, கிடங்கின் வாசற்படியில் விழுந்து உருண்டன. ஒரு பொறி உள்ளே போய் முதல் மூட்டையின் சாக்கில் உட்கார்ந்தது.

“நிறுத்து!” தங்கப்பாண்டி அலறிக்கொண்டு ஓடி வெறுங்கையால் அந்தப் பொறியை அடித்தார். “பாவி, நிறுத்து! எல்லாரும் வெந்து சாகணுமா?”

“மிளகாய்க்கா இந்தப் பயம், அண்ணாச்சி?”

இன்னாசி விசிறியை விட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்து, இரண்டாம் வரிசை மூட்டையைப் பிடித்து இழுத்தான். மூட்டை கிழிந்து மிளகாய் கொட்டியது. அதற்குப் பின்னால் பச்சைச் சாயம் பூசிய ராணுவ டிரம்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. மிளகாய் நெடியில் பெட்ரோல் வாடையை மோப்ப நாய்கூடக் கண்டுபிடித்திருக்காது.

“பக்தவச்சலம் கடைசி மூட்டையை எடுக்கப் போனாரு. இந்தக் கள்ளப் பெட்ரோலைப் பாத்துட்டாரு” என்று தேவகிருபை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டின் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பச்சையம்மாவைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு ராசையா கேட்டைச் சாத்தியிருந்தான். கரி கிளறுகிற இரும்புக் கம்பி அவன் கையில் இருந்தது.

முதல் அடி இன்னாசியின் விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்ததை அவனே கேட்டான். கொட்டிக் கிடந்த மிளகாய் மேல் குப்புற விழுந்தான். இரண்டாம் அடி தலைக்கு வந்தது; உருண்டான், கம்பி சிமெண்டில் பட்டுப் பொறி பறந்தது. தேவகிருபை குடையை ராசையாவின் முகத்தில் குத்தினாள். அவன் கன்னம் கிழிந்தது. ஆனால் அவளுக்குப் பின்னாலிருந்து தங்கப்பாண்டியின் சலவைத் துண்டு வந்து கழுத்தில் சுற்றியது.

“ஊர்க்காரின்னு பாத்தேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் இறுக்கினார். தேவகிருபையின் கால்கள் தரையை விட்டு எழும்பின. முகம் நீலம் பாய்ந்தது. அவள் நகங்கள் அவர் கையில் கோடு கோடாக ரத்தம் வரவழைத்தன. பிடி தளரவில்லை.

இன்னாசியின் கண்ணில் மிளகாய் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் யோசனை வந்தது. இரண்டு கையாலும் மிளகாயை அள்ளிக்கொண்டு, மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் விலா குத்த, லாரியின் படியில் ஏறினான். பீப்பாயின் மேல்மூடியைத் தள்ளினான். தீ ஒரு முழம் எழும்பி அவன் புருவத்தைப் பொசுக்கியது. மிளகாயை உள்ளே போட்டு மூடிவிட்டு விசிறியைப் பிடித்தான்.

“மாமு, இந்தா, உங்க சரக்கு!”

குழாயிலிருந்து வந்த புகையை மனிதன் சுவாசிக்க முடியாது. ராசையா ஓங்கிய கம்பியோடு இருமினான், மறுபடி இருமினான், கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறி, கனன்றுகொண்டிருந்த பீப்பாயின் மேல் முழு முதுகோடு சாய்ந்தான். தோல் ஒட்டிக்கொண்டது. அவன் போட்ட கத்தல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். தங்கப்பாண்டி துண்டை விட்டார். தேவகிருபை விழுந்து, தவழ்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டின் தாழ்ப்பாளைக் கையால் தேடி நீக்கினாள்.

கேட்டுக்கு வெளியே மஜீதும் முப்பது கொக்கிகளும் நின்றன.

“தண்ணி!” என்று ராசையா தரையில் புரண்டான். “ஐயோ, தண்ணி! நான் கல்லை மட்டுந்தான் இழுத்தேன். முந்தாநாள் சாயங்காலம் முதலாளி அவனைச் சுவரோட சாத்திப் பிடிச்சிருந்தாரு. சக்கரத்துக் கல்லை இழுடான்னாரு, இழுத்தேன். லாரி தானா உருண்டு வரவும் அவரு விலகிட்டாரு. நான் லாரியில ஏறவே இல்ல!”

ஆலைச் சங்கு அப்போதுதான் ஊதியது.

* * *

இரண்டு பேர் டிரம்களின் மேல் மணலை அள்ளிக் கொட்டினார்கள். நாலு பேர் துரையை அவிழ்த்துக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் தங்கப்பாண்டியைச் சுவரில் அந்தக் கறைக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். முதல் இரண்டு குத்தில் அவர் பல் விழுந்துவிட்டது. மூன்றாவதாக மஜீது கொக்கியை எடுத்தான்.

“வேண்டாம் மேஸ்திரி” என்றாள் தேவகிருபை. அவள் குரல் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வந்தது. “காலைல ஒரு தடவை ஆளு மாறிக் குத்தியாச்சு. இன்னைக்கு உங்க கணக்கு முடிஞ்சுது. போலீசுக்கு ஆள் அனுப்புங்க.”

மஜீது கொக்கியைப் பார்த்தான், துரையின் தோளைப் பார்த்தான். கொக்கியைக் கீழே போட்டான்.

தங்கப்பாண்டி ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பச்சையம்மாவிடம் திரும்பினார். அந்த நிலையிலும் அவர் வியாபாரி.

“ஏ பிள்ள, ஒண்ணு கேளு. அடுப்பு எரியல, என்ஜின் ஓடல, டிரைவர் இல்ல. அப்போ இது லாரி விபத்து இல்ல. கம்பெனி உனக்குக் காலணா தராது. உன் தம்பிதான் ஓட்டினான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவனுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. உன் அஞ்சு பிள்ளையளும் சோறு திங்கும். யோசிச்சுப் பாரு.”

பச்சையம்மா யோசிக்கவில்லை. கீழே குனிந்தாள். ஒரு கை மிளகாயை அள்ளிக் கசக்கினாள். நேரே போய், உடைந்த அந்த வாயிலேயே அறைந்தாள்.

“எம் புள்ளைங்களுக்கு அவங்க மாமன் ஓணும்டா, பேமானி!”

அவர் கத்தி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஆனாலும் அக்கா,” இன்னாசி விலாவைப் பிடித்துக்கொண்டு காதோரம் கேட்டான், “அந்தாளு சொன்னது நெசமா? கம்பெனி குடுக்காதா? மானேஜரும் அத்தத்தானே எழுதச் சொன்னாரு?”

தேவகிருபை லாரியின் பின்பக்கம் நடந்தாள். பின்பலகையில் மிளகாய்த் தூசு கனமாகப் படிந்திருந்தது. அதன் நடுவில், மார்பு உயரத்தில், இரண்டு உள்ளங்கைகளின் அச்சு. விரித்த விரல்கள். அங்கிருந்து தூசு கீழ்நோக்கி ஒரு சாண் இழுபட்டிருந்தது. வலது கை அச்சில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

“வந்ததுமே பாத்தேன்” என்றாள். “யார் கைன்னு தெரியல.”

பச்சையம்மா பார்த்துவிட்டாள். பலகையைத் தொடாமல், அந்தப் பாதி விரலுக்கு நேராகத் தன் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். “ஹார்பர்ல கயிறு அறுத்த வெரலு” என்றாள். “தள்ளியிருக்காரும்மா. லாரிய தள்ளியிருக்காரு.”

“ஆமா. லாரி வரும்போது அவரு உயிரோட இருந்தாரு. அவரைக் கொன்னது இந்தச் சக்கரம் உருண்டதுதான்.” தேவகிருபை இன்னாசியிடம் திரும்பினாள். “சரிவுல நிக்குற லாரியைக் கல் வச்சு நிறுத்துறதும் லாரியை உபயோகிக்கிறதுதான். அந்தக் கல்லை இழுக்குறதும் உபயோகிக்கிறதுதான். அடுப்பு எரியணும்னு சட்டத்துல எங்கேயும் போடல. பையில விசாரணைத் தாள் இருக்கு, எடு. என் கண்ணு எரியுது, நீ எழுது.”

இன்னாசி சக்கர மூடியின் மேல் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தான்.

“என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா?”

“இல்லை.”

“மரணம் வாகனத்தை உபயோகித்ததால் நேர்ந்ததா?”

“ஆம்.”

“மானேஜருக்கு மயக்கம் வந்துடும் அக்கா. ரெண்டும் ஒரே தாள்ல கீது.”

“தண்ணி தெளிச்சுக்கட்டும். மேல படி.”

“சம்பவத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் பெயர்?”

துரையின் திறந்திருந்த ஒற்றைக் கண் அந்தத் தாளின் மேல் வந்து நின்றது. பச்சையம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ராசையா” என்றாள் தேவகிருபை.

“நானா?” தரையில் கிடந்தவன் வெந்த முதுகோடு எழுந்து உட்காரப் பார்த்தான். “நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லியே அம்மா! கல்லைத்தானே இழுத்தேன்!”

“ரொம்ப சரி. அந்தக் கல்லை இழுத்ததுதான் ஓட்டினது” என்றாள் தேவகிருபை. “இன்னாசி, அவரு பேருக்குப் பக்கத்துல அதையும் அப்படியே எழுது. முப்பது பேருகிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கோ.”